பதினான்கு மஞ்சள் மூடிகள்

"என் உடம்பு முழுக்க அந்த ஓட்டை இருக்கா, இல்ல ரத்தத்துல மட்டுமா?"

தையலக்கா இதை என்னிடம் கேட்டபோது பள்ளி இறுதித் தேர்வு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. உயிரியல் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண் வரும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். ஆகவே நான் யோசிக்கவே இல்லை.

"உடம்பு முழுக்கத்தான் அக்கா. எல்லா செல்லுலயும் ஒரே மரபணுதான். தலைமுடி வேர்ல இருக்கறதுதான் கால் நகத்துக்கு அடியிலயும் இருக்கும்" என்றேன். பாடப்புத்தகத்தில் அந்த வரியைப் பெட்டி கட்டிப் போட்டிருப்பார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி.

தையலக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "சரி" என்றார். என் பக்கத்தில் நின்ற சித்தியும் நான் சொன்னது சரி என்பதுபோல் தலையாட்டினாள்.

நாங்கள் இரண்டு பேருமே தவறாகச் சொல்லியிருந்தோம். எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. தையலக்காவுக்கு அது ஒரு குழந்தையைப் பற்றிய விஷயம்.

இது என் சித்தியின் கதை. என் அம்மாவின் தங்கை. வயது ஐம்பத்தொன்று. ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் நீலக் கதவு அறையில் அவளுக்கு வேலை. அந்த அறையில் ஆளுயர ஃப்ரீசர்கள் ஆறு நிற்கின்றன. வீட்டு ஃப்ரீசர் மாதிரி இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. வெறுங்கையால் உள்ளே தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் சித்தியின் பெயர் தெரியாது. காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவள் "ஃப்ரீசரக்கா".

பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டவள். முதலில் ஒரு பால் பண்ணையின் குளிர் அறையில் கேன்களை எண்ணினாள். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கப் பழகினாள். அங்கிருந்து இங்கே வந்து பதினோரு வருஷம். "எங்க போனாலும் எனக்குக் குளிருதான் எழுதியிருக்கு" என்பாள். வெயில் காலத்திலும் அவள் பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கும்.

அவளுக்கு ஒரு பழக்கம். எதையும் எழுதி ஒட்டாமல் வைக்கமாட்டாள். வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவுக்குக்கூடத் தேதி போட்ட சீட்டு உண்டு. சித்தப்பா மின்விசிறி பழுது பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது. "எனக்கும் முதுகுல ஒண்ணு ஒட்டியிருப்பா, பாரு. என்னிக்குக் காலாவதின்னு" என்பார். "உங்களுக்கு ஒட்டினா நிக்காது, முதுகெல்லாம் கிரீஸ்" என்பாள் சித்தி.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஃப்ரீசரில் குழாய்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்குவார்கள். ஒரு பெட்டிக்கு ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு குழி. சுண்டு விரலை விடச் சின்னக் குழாய்கள். சித்தியின் பெட்டிகளில் ஒரு குழிகூடக் காலியாக இருக்காது. வெளியூரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் பெரிய டாக்டர் அந்தப் பெட்டியைத்தான் திறந்து காட்டுவார்.

கதைக்குக் காரணமான ஆராய்ச்சி ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை. கிருமி புகுந்த செல்லை அடையாளம் கண்டு பிடிப்பது அவற்றின் வேலை. பிடிப்பதற்கு ஒவ்வொரு டி செல்லின் மேலும் ஒரு கொக்கி உண்டு. அதை ஏற்பி என்கிறார்கள். அந்தக் கொக்கியைச் செய்வதற்கான மரபணுக்கள் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியிருக்கும். எப்படி மாறியிருக்கிறது, யாருக்கு எந்தத் துண்டு இல்லை, இதையெல்லாம் வரிசைப்படுத்துவதுதான் அந்த ஆராய்ச்சி.

முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் எடுப்பார்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பது ஒன்று. அதற்கு மஞ்சள் மூடிக் குழாய். கையில் ரத்தம் எடுத்து, அதிலிருந்து டி செல்லை மட்டும் பிரித்து வைப்பது இன்னொன்று. அதற்குச் சிவப்பு மூடி. பிறவி மரபணுவைப் பார்ப்பவர்கள் மஞ்சளை எடுத்துப்போவார்கள். சிவப்பு வேறொரு குழுவுக்கு. விதிப் புத்தகத்தில் இது இரண்டே வரி. ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்று அதில் இல்லை. யாரும் சித்தியிடம் சொல்லவும் இல்லை.

முந்நூற்றுச் சொச்சம் பேரில் பதினான்கு பேருடைய மஞ்சள் குழாயில் பொருள் போதவில்லை. சிலர் சரியாகக் கொப்பளிக்கவில்லை. சிலருக்குக் குச்சி பட்டும் படாமலும் போயிருந்தது. விதிப்படி அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். சித்திக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். பெட்டியில் பதினான்கு குழி வேறு காலியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதே பதினான்கு பேருடைய சிவப்பு மூடிக் குழாய்களில் மிச்சம் இருந்தது. சித்தி யோசித்தாள். ஒரே ஆள், ஒரே உடம்பு. கன்னத்தில் எடுத்தால் என்ன, ரத்தத்தில் எடுத்தால் என்ன. சிவப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுக் குழாயில் விட்டாள். மஞ்சள் மூடி போட்டு, எண் ஒட்டி, குழியில் வைத்தாள். கம்ப்யூட்டரில் இதை எழுதுவதற்கு இடம் இல்லை. ஆனால் அவளுடைய சொந்த நோட்டில் அந்தப் பதினான்கு எண்களுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். மறைக்கிறவள் புள்ளி வைத்திருக்கமாட்டாள் என்று நான் நினைக்கிறேன். செய்வது முழுக்கச் சரி என்று நம்பியவளும் வைத்திருக்கமாட்டாள்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்தான் தையலக்கா.

அவர் கடை எங்கள் தெரு முனையில் இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேசை, உள்ளே திரை போட்ட ஒரு மூலை. சித்தியின் துணி எல்லாம் அங்கேதான் தைப்பது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தபோது சித்திதான் அவரை இழுத்துப் போனாள். "ஒரு சின்னக் குழாய் ரத்தம், கன்னத்துல ஒரு பஞ்சு. எறும்பு கடிச்ச மாதிரி. வாம்மா." அவருடைய மகளுக்கு அப்போது மூன்று வயது. மாதம் ஒரு தடவை காய்ச்சல், மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி. காரணம் ஏதாவது தெரியுமோ என்ற ஆசையில் அவர் போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. "தங்களின் டி செல் ஏற்பி மரபணுவில் ஒரு பகுதி குறைவாகக் காணப்படுகிறது. இதன் பொருள் இன்னும் தெளிவாகவில்லை." பதினான்கு பேருக்கும் இதே கடிதம். வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வரியை மட்டும்தான் படித்தார்கள். தையலக்காவின் மாமியார் அதைக்கூடப் படிக்கவில்லை, படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளைக்கு வந்தது எங்க வீட்டுப் பக்கத்துலேருந்து இல்ல" என்றார்.

தையலக்காவுக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்று இருந்தது. கணவருக்கும்தான். கடிதம் வந்த பிறகு அவர் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். தன்னிடம் இருக்கும் ஓட்டை இன்னொரு பிள்ளைக்கும் போய்விடும் என்பது அவர் எண்ணம். கடிதம் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று முப்பத்தொன்பது. "இந்த வருஷம் விட்டா அப்புறம் இல்ல" என்று சித்தியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ரத்தத்தில் மட்டும்தான் ஓட்டை என்றால் பிள்ளைக்குப் போகாதோ என்று யோசித்துத்தான் என்னைக் கேட்டிருக்கிறார். படிக்காதவர் கேட்ட கேள்வி என்று நான் அதை நினைத்தேன்.

கடையிலிருந்து திரும்பிய நான்காம் நாள், வேலை இடத்தில் தேநீர் குடிக்கும்போது புதிதாக வந்த ஒருவர் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆராய்ச்சி முடிவுகளைக் கம்ப்யூட்டரில் அலசுகிறவர். பேனா மூடியைக் கடித்துக் கடித்தே மூன்று பேனாவை மொட்டையாக்கியவர்.

"அக்கா, உங்க மஞ்சள் மூடியில பதினாலு பேர் என் உயிரை வாங்கறாங்க" என்றார்.

"என்ன பண்ணாங்க பாவம்."

"முன்னாடி இருந்தவங்க நாலஞ்சு இடத்துல மட்டும் தொட்டுப் பாத்து, துண்டு இல்லைன்னு எழுதிட்டாங்க. நான் இப்ப புது மெஷின்ல முழுசா படிக்கறேன். பிறவியிலயே ஒரு துண்டு இல்லைன்னா ஓரம் நேரா இருக்கணும். இது வரைக்கும் இருக்கு, இதுலேருந்து இல்ல, அப்படி. இது என்னடான்னா ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா குறையுது. ஆளுக்கு ஒரு அளவுல வேற."

"அப்படின்னா?"

"அப்படின்னா இது கன்னமே இல்ல. யாரோ டி செல்லை ஊத்தி வெச்ச மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. "ஊத்தினாத்தான் என்ன? ஒரே ஆளோடதுதானே?"

அவர் அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்து விளக்கினார். கொக்கிக்கான மரபணுவில் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே மாதிரியான வேலைக்கே பல துண்டு. ஒரு டி செல் வளரும்போது இந்த வரிசையில் ஒன்று, அந்த வரிசையில் ஒன்று என்று பொறுக்கிக்கொள்ளும். நடுவில் இருப்பதை வெட்டித் தூக்கி எறிந்துவிட்டு, பொறுக்கிய இரண்டையும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு டி செல்லும் வேறு வேறு துண்டைப் பொறுக்கும். அதனால்தான் விதவிதமான கிருமிக்கு விதவிதமான கொக்கி கிடைக்கிறது. தூக்கி எறிந்தது எறிந்ததுதான், அந்தச் செல்லுக்கு அது திரும்ப வராது.

"உடம்புல மத்த எந்தச் செல்லுல எடுத்தாலும் முழு வரிசையும் இருக்கும்க்கா. கன்னம், தோலு, எது வேணா. இந்த மரபணுவை மட்டும் டி செல்லுல பாக்கக் கூடாது. பாத்தா எல்லாருக்குமே ஓட்டை இருக்கற மாதிரிதான் தெரியும். எனக்கும்தான், உங்களுக்கும்தான்."

சித்தி எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினாள். இன்னொரு தடவையும் கழுவினாள். பிறகு நீலக் கதவைத் திறந்து உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தாள். புள்ளிகளை எண்ணினாள். பதினான்கு.

அன்று சாயங்காலம் அவள் பையை வைத்த இடத்திலேயே உட்கார்ந்து சித்தப்பாவிடம் சொன்னாள். அன்று நானும் அவர்கள் வீட்டில் பக்கத்து அறையில் இருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது.

சித்தப்பா ஒரு மின்விசிறி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வேற யாருக்கும் தெரியுமா?"

"நோட்டுக்குத் தெரியும்."

"நோட்டுதானே. நாலு பக்கம் கிழிஞ்சா யார் கேக்கப்போறா."

"கிழிச்சா புள்ளிதான் போகும். ஆளு அப்படியே இருப்பாங்க. அந்தப் பொண்ணு தெரு முனையில உக்காந்து தைச்சுட்டு இருக்கா."

"அந்தக் கம்ப்யூட்டர்காரரே கண்டுபிடிச்சிடுவாரு, விடேன்."

"அவரு கண்டுபிடிச்சு, எழுதி, பெரியவங்க படிச்சு, கையெழுத்தாகி வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகும். அவளுக்கு ஒரு வருஷம் இல்ல."

சித்தப்பா திருப்புளியைக் கீழே வைத்தார். "வேலை போயிட்டா?"

"ஊர்ல வேற ஃப்ரீசரே இல்லையா என்ன. ஐஸ் விக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை சித்தி நோட்டோடு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில். பெரிய டாக்டர் பெண்மணி. குரலை உயர்த்தாதவர். புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பதினாலா?"

"பதினாலு டாக்டர்."

"மஞ்சளுக்குக் கன்னம் மட்டும்னு விதியில இருக்கே."

"இருக்கு. ஏன்னு இல்ல."

"கேட்டிருக்கலாமே நீங்க."

"கேட்டிருக்கணும். நீங்களும் சொல்லியிருக்கலாம்."

பதினோரு வருஷத்தில் அவள் பெரிய டாக்டரிடம் அப்படிப் பேசியதில்லை. அந்தப் பதினான்கு பேரை வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பல இடங்களில் பேசியும் இருந்தார். அதையெல்லாம் அவர் திரும்பப் பெற வேண்டியிருந்தது, பெற்றார். சித்தியிடமிருந்து ஃப்ரீசர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை போகவில்லை. முன்வாசலில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதித் தரும் மேசையில் உட்காரச் சொன்னார்கள். தண்டனை எனக்குச் சரியாகத்தான் படுகிறது. சித்தியும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அங்கே வெயில் அடிக்கிறது, ஸ்வெட்டர் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் அன்றைக்கு அவள் ஒன்று கேட்டாள். பதினான்கு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டுமே, அந்த வேலையைத் தனக்குத் தர வேண்டும். பெரிய டாக்டர் சரி என்றார்.

முதலில் தையல் கடை. என்னையும் வரச் சொன்னாள். "நீயும்தானே தலையாட்டின" என்றாள். தலையாட்டியது அவள், பதில் சொன்னது நான். அதைத் திருத்தவில்லை, போனேன்.

தையலக்கா ஒரு சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். சித்தி உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் மூடி, சிவப்பு மூடி, காலிக் குழி, புள்ளி. பிறகு, கம்ப்யூட்டர்காரர் மேசையில் கோடு இழுத்துக் காட்டியதை இங்கே வெட்டு மேசையில் இழுத்துக் காட்டினாள். டி செல் எப்படித் துண்டு பொறுக்கி, நடுவில் இருப்பதை எறியும் என்று.

தையலக்கா கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே கேட்டார். காலடியில் வெட்டி விழுந்த துணித் துண்டுகள் கிடந்தன. அவற்றைக் குனிந்து பார்த்தார்.

"அதாவது, வெட்டித் தைச்ச சட்டையை அளந்து பாத்துட்டு, கடைக்காரன் எனக்குத் துணியையே குறைச்சுக் குடுத்தான்னு எழுதிட்டீங்க."

சித்தி வாய் திறப்பதற்குள் நான், "ஆமாக்கா" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னதும் தப்பு. எல்லா செல்லுலயும் ஒண்ணுதான்னு சொன்னேன். இந்த ஒரு இடத்துல அப்படி இல்ல."

"உனக்கு ரெண்டு மார்க் போச்சு" என்றார் தையலக்கா. "எனக்கு மூணு வருஷம்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. சித்தி தலை குனிந்து நின்றாள். மன்னிப்பு கேட்டாளா என்றால், கேட்டாள். தையலக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க" என்றார்.

சித்தி பையிலிருந்து பஞ்சுக் குச்சியை எடுத்தாள். அங்கேயே, திரை போட்ட மூலையில், தையலக்கா ஒரு சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. சித்தி இரண்டு கன்னத்திலும் முப்பது முப்பது தடவை எண்ணித் தேய்த்தாள்.

"போதும்க்கா, கன்னம் ஓட்டையாயிடும்" என்றார் தையலக்கா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் அது வேடிக்கைதான் என்று எனக்குப் பட்டது.

முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் சித்தி மற்றவர்களைத் தேடி அலைந்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆரோக்கியமான ஆட்கள் சிலருடைய கன்னமும் வேண்டும் என்று கம்ப்யூட்டர்காரர் சொல்ல, கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். காவலாளி கொடுத்தார், பெரிய டாக்டர் கொடுத்தார், சித்தியும் கொடுத்தாள்.

தையலக்காவின் வரிசை முழுசாக இருந்தது. ஒரு துண்டும் குறையவில்லை. அவருடைய மகளுக்கு ஏன் அவ்வளவு காய்ச்சல் வந்தது என்பதற்கு அந்தக் குழாயில் பதில் இல்லை. பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு அது தானாகக் குறைந்தும் விட்டது.

கம்ப்யூட்டர்காரர் இன்னொரு தாளையும் எடுத்துக்கொண்டு சீட்டு மேசைக்கு வந்தார். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் ஒரு இடத்துல துண்டு இல்ல. ஓரம் கத்தரிச்ச மாதிரி நேரா இருக்கு. நிஜமாவே பிறவி."

சித்தி அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், ஏதோ தெரியப்போவது மாதிரி. "எனக்கா?"

"அப்பாகிட்டேருந்தோ அம்மாகிட்டேருந்தோ வந்திருக்கு. இது நிறையப் பேருக்கு இருக்கறதுதான். அந்த வேலைக்கு வேற துண்டு இருக்கு, கொக்கி அது பாட்டுக்கு வரும். உங்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வருமா?"

"அந்த அறையில பதினோரு வருஷம் இருந்தேன். தும்மினதுகூட இல்ல."

சித்தப்பாவிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னேன், இவளுக்கு ஏதோ ஒண்ணு குறையுதுன்னு" என்றார். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தையலக்காவுக்குப் புதுக் கடிதம் வந்தது. பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டிருந்தார். "தங்களின் மரபணுவில் எந்தப் பகுதியும் குறையவில்லை. முந்தைய கடிதம் எங்கள் தவறு." சித்தி அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தையலக்கா இரண்டு வரியையும் படித்தார். பழைய கடிதத்தை மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே தலைப்பு, ஒரே முத்திரை.

"இதை வீட்ல காட்டினா, இன்னொரு பேப்பர்னு சொல்லுவாங்க. நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்க்கா."

போனோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமியார் கூடத்தில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. சித்தி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அந்த மாதத்தில் அவள் அதைச் சொன்னது எத்தனையாவது தடவையோ, சுருக்கிச் சொல்லவே இல்லை.

"அப்ப அச்சடிச்சு வந்ததை நீ வாயால மாத்தற" என்றார் மாமியார்.

"அச்சடிக்க வெச்சதே என் கைதான்ம்மா. மூடியை மாத்தினது நான். உங்க மருமகமேல ஒரு குறையும் இல்ல."

"ஓட்டை இல்லங்கற."

"இவளுக்கு இல்ல. எனக்குத்தான் இருக்கு."

மாமியார் முதல்முறையாக டிவியிலிருந்து முழுசாகத் திரும்பினார். சித்தியை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். "உனக்கா? பாத்தா கல்லு மாதிரி இருக்க."

"அதைத்தான் சொல்றேன்."

தையலக்கா உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றார். அவர் மகள் தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மாமியார் எழுந்து உள்ளே போய் மூன்று டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சித்திக்கு முதலில் கொடுத்தார்.

வாசல்வரை தையலக்கா வந்தார். சித்தி அவரிடம் அடுத்து என்ன என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"இனிமே நாங்க பெத்துக்கிட்டாலும் சரி, வேண்டாம்னாலும் சரி, அது எங்க முடிவு. இத்தனை நாள் உங்க பேப்பரோட முடிவா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் என்ன முடிவானது என்பதை நான் எழுதப்போவதில்லை. கடை திறந்திருக்கிறது. சித்தியின் துணி இப்போதும் அங்கேதான் போகிறது. தையலக்கா முன்பு மாதிரி கலகலப்பாகப் பேசுவதில்லை, ஆனால் அளவு எடுக்கும்போது "கையைத் தூக்குங்க, ஓட்டையக்கா" என்கிறார். புதுப் பெயர் அப்படித்தான் வந்தது. சித்தி கையைத் தூக்குகிறாள்.

சித்தி இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நோட்டோடு வெளியே போகிறாள். பதினான்கு புள்ளிகளில் பன்னிரண்டை அழித்துவிட்டாள். பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போய், கன்னத்தில் குச்சி தேய்த்து, முடிவு வந்ததும் முழுசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், இரண்டாம் தடவை போனாள். இன்னும் இரண்டு பேர் மிச்சம். வீடு மாறிவிட்டார்கள், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறவர். இன்னொருவர் கைக்குழந்தையோடு வந்தவர். அந்தக் குழந்தை இப்போது ஓடித் திரியும். அவர்கள் பெயரைச் சித்தி என்னிடம்கூடச் சொல்லமாட்டாள், அது விதி. இந்த விதி ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் இதை எழுதினேன். படித்துவிட்டு மடித்து வைக்காமல் இன்னொருவரிடம் கொடுங்கள், படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். படிக்கட்டுக்குப் பின்னால் நீலக் கதவு போட்ட அறை இருக்கும் கட்டடத்தில் ஐந்து வருஷத்துக்கு முன் ரத்தமும் கன்னத்துப் பஞ்சும் கொடுத்து, பிறகு "ஒரு பகுதி குறைவாகக் காணப்படுகிறது" என்று கடிதம் வாங்கியவர் யாராவது இதைக் கேட்டால், அந்தக் கடிதத்தை நம்ப வேண்டாம், வந்து மறுபடி ஒரு தடவை வாய் கொப்பளித்தால் போதும். முன்வாசல் சீட்டு மேசையில் ஸ்வெட்டர் போடாத ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.